என்னைப் போலவே ஒருத்தி

என் கணவர் என்னை முதன்முதலாக "நீங்க" என்று கூப்பிட்டது எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழித்து. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். காலையில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போனவர் மாதிரி கட்டில் ஓரத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தார்.

நான் ஏரியூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அவர் விவசாயம் பார்க்கிறார். கொஞ்சம் தக்காளி, கொஞ்சம் மரவள்ளி, கிணற்றுத் தண்ணீர் இருக்கும்வரை ராகி. எங்களுக்குக் குழந்தை இல்லை. தோட்டத்து நடுவில் இருக்கும் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்த வருஷம் தை மாதத்தில், சந்தையில் தக்காளி போட்டுவிட்டு மோட்டார் பைக்கில் திரும்பி வரும்போது நாய் குறுக்கே ஓடி, கீழே விழுந்துவிட்டார். தலையின் வலது பக்கம் அடி. தருமபுரியில் ஸ்கேன் எடுத்தபோது உள்ளே ரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. பாதித் தூக்கத்திலேயே கிடந்து, மெல்லத் தேறி, நடந்தே வெளியே வந்தார். கடவுள் காப்பாற்றிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டில் அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும், எந்த ஆடு சினை, யார் வீட்டில் எந்தச் சாமான் இரவலாக இருக்கிறது என்று எல்லாம் சொன்னார். பார்க்க வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என்னை மட்டும் கூப்பிடவில்லை. நான் அறைக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நாம் வைத்திருந்த பொருளைப் போலவே இன்னொன்றைக் கடையில் பார்த்தால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி.

ஒருநாள் மதியம் களி கிண்டிக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

நான் யார் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் இடது காதுக்குக் கீழே விரலைக் காட்டி, தணிந்த குரலில், "அந்த மச்சங்கூட அப்பிடியே வெச்சிருக்காங்க" என்றார்.

களிக்கோலைப் பிடித்திருந்த கை தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

அவருடைய அக்கா, என் நாத்தனார், பக்கத்து ஊரில் இருக்கிறார். விவரம் தெரிந்ததும் வந்து கூடவே தங்கிவிட்டார். தம்பி மேல் உயிர். எனக்கும் அதுவரை அவர் நல்ல துணைதான். விழுந்த இடத்தில் ஏதோ காத்து கருப்பு பட்டிருக்கும் என்று சொல்லி, மலையடிவாரத்தில் குறி சொல்லும் ஒரு பூசாரியிடம் அவரை அழைத்துப் போனார். நான் போகவில்லை. சாயங்காலம் திரும்பி வந்த நாத்தனார் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றார். அவர் வாயிலிருந்து அதைப் பிடுங்க எனக்கு இரண்டு நாள் ஆனது. தம்பிக்கு ஒரு குறையும் இல்லை, அவன் கண் சரியாகத்தான் பார்க்கிறது, வீட்டில் இருப்பவளைக் கவனியுங்கள் என்று பூசாரி சொன்னாராம்.

அதற்குப் பிறகு நாத்தனார் நான் சமைத்ததைச் சாப்பிடத் தயங்கினார். வெயிலில் நான் நடந்தால் என் காலடியைப் பார்த்தார். நிழல் விழுகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிய நேரமாயிற்று. ஒருநாள் மாவு சலித்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"என் பெரியவன் பொறந்தப்ப, தொட்டில் கட்ட நீதான் பொடவ குடுத்த. அது என்னா கலரு?"

எனக்கு நினைவுக்கு வரவில்லை. பச்சையாக இருக்கலாம். மஞ்சளாகவும் இருக்கலாம். யோசிக்க யோசிக்க, புடவை கொடுத்ததே மறந்துபோனது. நாத்தனார் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அன்றைக்குக் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். சிறு வயதிலிருந்து பொட்டு வைத்துப் பழகிய முகம். ஒரே முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக நம்முடையதல்லாமல் போகும் என்பதை அன்றுதான் கண்டேன். மச்சத்தைத் தொட்டுப் பார்த்தேன். வேறு யாரோ என் கழுத்தைத் தொடுவது போல இருந்தது.

வேறு உருவம் எடுத்து வருகிறவர்களின் கதைகளைப் பல வருஷமாக வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கணவனின் உருவில் தேவன் வருவான், மனைவியின் உருவில் பேய் வரும். பிள்ளைகளுக்கு அந்தக் கதைகள் பிடிக்கும். ஒரு மாணவி ஒருமுறை, கூடவே வாழ்ந்த பெண்ணுக்கு வித்தியாசம் தெரியாதா டீச்சர் என்று கேட்டாள். மாயை என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அந்தக் கதைகளிலெல்லாம் ஏமாற்ற வந்தவர் கடைசியில் தன் சொந்த உருவத்துக்குத் திரும்பிவிடுவார். எனக்குத் திரும்பிப் போக வேறு உருவம் இல்லை.

விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போன முதல் நாள், மதிய மாத்திரையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். இடைவேளையில் போன் செய்தேன். விபத்தில் அவருடைய போன் உடைந்துபோய், நாத்தனார் வீட்டிலிருந்து வந்த பழைய போன் அவரிடம் இருந்தது. அதில் நான் பேசியதே இல்லை. மணி அடித்தது. எடுத்தார். நான் "ஏங்க" என்றேன், அவ்வளவுதான்.

"எங்கடி போயிட்ட?" என்றார். குரல் உடைந்தது. "எத்தன நாளா தேடறன். எங்க இருக்க?"

ஆசிரியர் அறையில் கரும்பலகைத் துடைப்பானைக் கையில் பிடித்தபடி நின்றேன். பள்ளியில் இருப்பதாகச் சொன்னேன். சீக்கிரம் வா என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வூட்ல ஒரு அம்மா வந்து இருக்குது. அப்பிடியே உன்ன மாதிரி. நல்ல அம்மாதான், சோறெல்லாம் நல்லா போடுது. ஆனா எனக்குப் பயமா இருக்குது. நீ வந்துடு."

என் தோழி, எங்கள் பள்ளி உயிரியல் ஆசிரியை, பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். கிறிஸ்தவர்; எதற்கும் முதலில் ஜெபம் செய்வார், அடுத்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்வார். நான் சொன்னதைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு, இது தலையில் பட்ட அடியின் வேலை, மூளை பார்க்கும் டாக்டரிடம் நாளைக்கே போகலாம், நானும் வருகிறேன் என்றார்.

தருமபுரியில் நாங்கள் பார்த்த டாக்டர் இளம் வயதுப் பெண். என் கணவரிடம் தனியாகப் பேசிவிட்டு, அவரைத் தோழியோடு வெளியே இருக்கச் சொல்லி, நாத்தனாரையும் என்னையும் உட்கார வைத்து விளக்கினார். போனில் நடந்ததைச் சொன்னதும் தலையாட்டினார்.

"உங்க முகம் அவருக்கு நல்லாத் தெரியுதும்மா. ஆனா நம்மாளுங்க முகத்தப் பார்த்தா உள்ளுக்குள்ள ஒரு ஒட்டுதல் வருமில்லைங்களா, அது வரல. அந்த வழியிலதான் அடி. முகம் சரியா இருக்குது, ஒட்டுதல் இல்ல. அதனால இது அவ இல்லன்னு மூளை ஒரு கதை கட்டிக்குது. குரல் போற வழி வேற. அது தப்பிச்சிருக்குது."

முகத்தைப் பார்த்துக்கொண்டே குரலைக் கேட்டால் முகம்தான் ஜெயிக்கும் என்றார். வாதாட வேண்டாம், அழ வேண்டாம், நிரூபிக்கப் பார்க்க வேண்டாம். மாத்திரை எழுதித் தருகிறேன், பல பேருக்கு மெல்லச் சரியாகும் என்றார். நாத்தனார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பஸ்ஸில் வரும்போது என் தோளில் ஒரு நொடி கை வைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்தபின் பூசாரி கொடுத்த விபூதியை நிலைப்படியில் போடுவதை அவர் நிறுத்தவில்லை. நானும் அதைக் கூட்டித் தள்ளவில்லை.

அதன்பின் நான் தினமும் போன் செய்தேன். பள்ளியிலிருந்து, பஸ்ஸிலிருந்து, சில நாள் தோட்டத்துக் கிணற்றடியிலிருந்து. போனில் அவர் என்னிடம் பேசிய அளவு எங்கள் வாழ்நாளில் பேசியதில்லை. குழந்தை இல்லாததற்கு ஊரில் யார் யார் என்ன சொன்னார்கள், அதை என் காதுக்கு வராமல் எப்படித் தடுத்தார், கல்யாணத்தன்று என்னைப் பார்த்ததும் என்ன நினைத்தார் என்றெல்லாம் சொன்னார். நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு எழுந்து வீட்டுக்குள் போவேன். "வாங்க" என்று எழுந்து நின்று எனக்கு வழிவிடுவார்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. போனில் இருந்தவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவளுக்குக் கிடைத்ததில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கிடைக்கவில்லை. அவள் சோறு பொங்கவில்லை, துணி துவைக்கவில்லை, அவர் பார்வையின் கீழ் கூசிக் கூசி நடக்கவில்லை. ஒருமுறை போனில் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்து பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். "அந்தம்மா வந்துட்டாங்க, அப்பறம் பேசறன்" என்று ரகசியமாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து ஒருமுறையும், என் காதில் இருந்த போனிலிருந்து ஒருமுறையும் அது கேட்டது.

சித்திரையில் ஒரு சாயங்காலம். நாத்தனார் அறுவடைக்காகத் தன் ஊருக்குப் போயிருந்தார். பள்ளியிலிருந்து வந்தேன். வாசலில் என் புடவைகள் மடித்து, ஒரு துணிப்பையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலை. அவர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க வூட்லயும் தேடுவாங்க இல்லைங்களா? எம் பொண்டாட்டி இன்னிக்கு வர்றன்னு சொல்லியிருக்கறா. நீங்க இருந்தா அவ உள்ள வரமாட்டா."

காலையில் போனில், சாயங்காலம் வந்துவிடுவேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

அழ வேண்டாம் என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தது. பையை எடுத்துக்கொண்டேன். களத்தைத் தாண்டி மரவள்ளி வயல் வரப்புவரை நடந்தேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை. அங்கேயே, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி நின்றேன். போன் கைப்பையில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. தினமும் போனில் கூப்பிடுவது போலவே சத்தமாக "ஏங்க" என்றேன்.

பிறகு செருப்புச் சத்தம்.

"வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டன்."

"எங்க இருக்க?"

"இங்கதான். உங்க முன்னாலதான் நிக்கறன்."

செருப்புச் சத்தம் கிட்டே வந்து, எனக்குப் பின்னால் நின்றது. அவர் மூச்சு கேட்டது. முதுகு முழுக்க எனக்குச் சிலிர்த்தது. யாருக்கு யார்மேல் பயம் என்று தெரியாத ஒரு நிலை.

"திரும்பாத," என்றார். "கொஞ்ச நேரம் திரும்பாத."

திரும்பவில்லை. தோளில் கை வைத்தார். இருட்டுக் கட்டும்வரை நாங்கள் வரப்பில் அப்படியே உட்கார்ந்து பேசினோம். நான் வயலைப் பார்த்து, அவர் என் கொண்டையைப் பார்த்து. வீட்டுக்குள் போகும்போது அவர் முன்னால் நடந்தார், நான் பேசிக்கொண்டே பின்னால் நடந்தேன்.

டாக்டரிடம் சொன்னபோது, நல்ல வழி, அதையே செய்யுங்கள் என்றார். மாதக் கணக்கில் முதுகைக் காட்டியே குடும்பம் நடத்தினேன். சாப்பாடு போடும்போது பக்கவாட்டில் உட்காருவேன். மெல்ல மெல்லப் பாதி முகம் காட்டினேன். மாத்திரை வேலை செய்ததா, நாள் ஆற்றியதா, நிலைப்படி விபூதியா, தோழியின் ஜெபமா, எனக்குத் தெரியாது. டாக்டர் மாத்திரை என்பார், நாத்தனார் விபூதி என்பார். ஐப்பசி மழை பெய்த ஒரு காலையில் டீயை வாங்கிக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்து, "சர்க்கர போட மறந்துட்ட" என்றார். நான் அடுப்படிக்கு ஓடிப்போய், சர்க்கரை டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நாத்தனார் அடுத்த முறை வந்தபோது நான் போட்ட சோற்றை வயிறாரச் சாப்பிட்டார். தொட்டில் புடவை நீலம் என்று அவராகவே சொன்னார். நான் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். வண்டி ஓட்டுவதில்லை, மற்றபடி தோட்ட வேலையெல்லாம் பார்க்கிறார். ஆனால் அந்த மாதங்களில் வீட்டில் இருந்தது நான்தான் என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையாட்டுவார், அவ்வளவுதான். நாலைந்து முறை, அந்தம்மா சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள், நல்லவர்கள், ஒரு புடவையாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

போன வாரம் உர மூட்டைக்காகத் தருமபுரிக்குத் தனியாகப் பஸ்ஸில் போய்வந்தார். எனக்கு அன்று பள்ளியில் தேர்வு வேலை. இரவு சாப்பிடும்போது, பஸ் ஸ்டாண்டில் அந்தம்மாவைப் பார்த்தேன் என்றார். சேலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்களாம். இவர் கையை ஆட்டினாராம்.

"அவங்களும் பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

"பார்த்தாங்க. கொஞ்சம் எளைச்சிருந்தாங்க," என்றார். "உன்ன நல்லா இருக்கறாளான்னு கேட்டாங்க."

நான் குழம்பை அவர் தட்டில் ஊற்றினேன். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். நல்லா இருக்கறான்னு சொன்னன் என்று சொல்லிவிட்டு, அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.