கறுப்பு விளக்கில் காணாமல் போன பல்

1. மாடிப்படியில் வந்த சத்தம்

பல் லேபுக்குப் பல்லின் சொந்தக்காரர்கள் வருவது அபூர்வம். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், நாங்கள் பல் செய்து அனுப்புவோம், அத்தோடு சரி. ராயபுரத்தில் ஒரு மாடி லேபில் இருபத்திரண்டு வருடங்களாக செராமிக் டெக்னீஷியனாக இருக்கிறேன். நான் செய்த பற்கள் யார் யார் வாயில் சிரிக்கின்றன என்று எனக்கே தெரியாது. அதனால்தான் அன்றைக்கு ஒரு பெண் கத்திக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தபோது, லேப் முதலாளி ரஹீம் பாய் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"ஸ்டெல்லாக்கா எங்க? என் பல்லைப் பண்ணது அதானே?"

ஸ்டெல்லா நான்தான். வந்தது அனிதா. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் பெண். பள்ளியில் விழுந்ததில் மேல்வரிசை முன்பல் பாதி உடைந்து, பத்து வருடமாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்துப் பழகியவள். இரண்டு மாதம் முன்பு நிறம் பார்ப்பதற்காக டாக்டர் அவளை எங்களிடம் நேரே அனுப்பியிருந்தார். அன்றும் கை தானாக வாய்க்குப் போனது. "கையை எடும்மா, பல்லைக் காட்டு" என்று நாலு தடவை சொல்லியிருப்பேன். ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்து, சிர்கோனியா என்கிற வெள்ளைப் பீங்கானில் பல் செய்து கொடுத்தேன். பக்கத்துப் பல்லோடு அக்கா தங்கை மாதிரி ஒட்டிக்கொண்டது. என் கைவேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அன்றைக்குக் கூடுதலாகவே இருந்தது.

அனிதா இப்போது செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சிநேகிதியின் கல்யாண ரிசப்ஷன். மேடையில் ஊதா விளக்கு, பெண்கள் ஆடுகிறார்கள், எல்லார் பல்லும் நீலமாக மின்னுகிறது. அனிதாவின் வாயில் மட்டும் நட்டநடுவில் ஒரு கறுப்பு ஓட்டை.

"பாத்தியாக்கா? அல்லார் பல்லும் கீது, என்துது மட்டும் காணோம். பொக்கை பொக்கைன்னு கலாய்க்கிறாளுங்க. இன்னும் பன்னெண்டு நாள்ல எனக்குக் கல்யாணம். இன்னா பண்ணப் போற?"

அவளுக்குப் பின்னால் ஒல்லியாக ஓர் ஆள், கையில் துணி சுற்றிய டியூப் லைட்டோடு நின்றிருந்தார். மாப்பிள்ளை லோகு. திருவொற்றியூரில் சவுண்டு, லைட்டு வாடகைக்கு விடுகிறவர்.

"அந்த லைட்டைப் போடலன்னு சொல்லிட்டேன்க்கா. இது கேக்க மாட்டேங்குது" என்றார்.

"ஊர்ல கீற கல்யாணத்துக்கெல்லாம் போட்டுட்டு, எனக்கு மட்டும் அணைச்சுடுவியா? வாணாம். போடு. நான் வாயப் பொத்திக்கினு உக்காந்துக்கறேன், பழையபடி."

அந்தப் 'பழையபடி' என்னைச் சுருக்கென்று தைத்தது. பத்து வருடப் பழக்கத்திலிருந்து அவளை வெளியே கொண்டுவந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

2. ஜன்னலைச் சாத்திய பிறகு

லோகு கொண்டுவந்தது அதே விளக்குதான். பிளாக் லைட், அதாவது கறுப்பு விளக்கு என்பார்கள். பாய் ஜன்னலைச் சாத்த, லோகு சுவிட்சைப் போட்டார்.

"பாய், இப்ப சிரிங்க" என்றேன்.

பாய் சிரித்தார். நாளுக்குப் பத்து டீ குடிக்கிற மனிதர், பற்கள் பகலில் பார்த்தால் பழுப்பு. அந்தப் பற்கள் இருட்டில் நீலவெள்ளையாக ஒளிர்ந்தன. மேலே பட்டுத் தெறித்த வெளிச்சம் இல்லை அது, உள்ளேயிருந்து வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபத்திரண்டு வருடம் பல்லைப் பார்த்தே சோறு தின்றவள், பல் ஒளிரும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

விளக்கை அலமாரிப் பக்கம் திருப்பச் சொன்னேன். டெலிவரிக்குத் தயாராக ஒன்பது பற்கள் இருந்தன, எல்லாம் நான் சிர்கோனியாவில் செய்தவை. ஒன்பதும் அடுப்புக்கரி மாதிரி கிடந்தன.

கண்ணாடியில் என் வாயையும் பார்த்தேன். பதினைந்து வருடம் முன்பு பாய் எனக்குச் செய்துவைத்த முன்பல் ஒன்று உண்டு. அந்த இடமும் கறுப்பு.

"பாய், இது உங்க கைவேலை."

"இருட்டுல யாரும்மா பாக்கப் போறாங்கன்னு வுட்டுட்டேன்" என்றார் பாய்.

விஷயம் இதுதான். வெயிலிலும் அந்த விளக்கிலும் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிர் இருக்கிறது. பல்லின் மேல்தோல் எனாமல், அதற்குள்ளே இருப்பது டென்டின். டென்டின் அந்தக் கதிரை விழுங்கி, நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. வெறும் சிர்கோனியா தருவதில்லை. வெயிலில் பல் உயிரோடு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். செராமிக் பவுடர் டப்பா லேபிள்களில் இதற்குப் பெயரான 'ஃப்ளோரசென்ஸ்' என்ற வார்த்தையை ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். ஒருநாளாவது அர்த்தம் தேடியிருக்கிறேனா? இல்லை. நிறத்தைப் பொருத்தினால் பல்லைப் பொருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

3. டார்ச் அடித்த பல்

நான் செய்த பல்லை டாக்டர் வெட்டி எடுத்து, அனிதாவுக்குத் தற்காலிகமாக ஒன்று போட்டார். கம்பெனிக்காரர் எப்போதோ கொடுத்த சாம்பிள் டப்பா ஒன்று மூலையில் பிரிக்காமல் கிடந்தது. ஒளிரும் கிளேஸ், பல்மேல் பூசிச் சுடும் மெருகு. புதிதாகச் செய்த சிர்கோனியா பல்மேல் அதை முழுக்கப் பூசிச் சுட்டு, அனிதாவைக் கூப்பிட்டு, லோகுவின் விளக்கில் வைத்துப் பார்த்தோம்.

அனிதா கண்ணாடியைப் பார்த்து வாயைப் பொத்தினாள்.

"அப்ப காணாம போச்சு. இப்ப டார்ச் அடிக்குது."

உண்மைதான். மற்ற பற்கள் எல்லாம் மங்கி, அது ஒன்று மட்டும் பளீரென்று நின்றது. தப்பு எங்கே என்று யோசித்துக்கொண்டே பாயை மறுபடி சிரிக்கச் சொன்னேன், நன்றாக உற்றுப் பார்த்தேன். அசல் பல்லில் ஒளி வேர்ப்பக்கம் அதிகம், கடிக்கும் விளிம்பில் குறைவு. உள்ளே பிறந்து, எனாமல் வழியாகக் கசிந்து வருகிறது. நான் வெளியே பூசியிருந்தேன்.

மூன்றாவது பல்லைத் தொடங்கினேன். சிர்கோனியாவும் லேசுப்பட்டதில்லை. நம் தென்கோடிக் கடற்கரை மணலில் கிடைக்கும் தாதுவிலிருந்து வருவது. சாக்பீஸ் மாதிரி இருக்கும்போதே, வேண்டிய அளவைவிடப் பெரிதாகக் கடைந்து ஃபர்னஸில் வைப்போம். ஆயிரத்தைந்நூறு டிகிரியில் சுருங்கிச் சுருங்கி, தலைமுடி அளவுகூடப் பிசகாமல் வந்து நிற்கும். இந்தத் தடவை அதன் முகப்பை ஒல்லியாக விட்டு, முதல் அடுக்காக ஒளிரும் டென்டின் பவுடரைப் பிரஷ்ஷில் எடுத்து வைத்தேன். மேலே எனாமல் பவுடர், விளிம்பில் ஒளிராதது. நாலு தடவை சுட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு டாக்டர் அதை ஒட்டினார். விளக்கு லோகுவிடம் இருந்தது, இருட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை.

4. கையை எடு

ரிசப்ஷன் ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு லோகுவின் ஆட்கள் மேடை விளக்கை அணைத்து ஊதா விளக்கைப் போட்டார்கள். அனிதா ஆடினாள், வாய்விட்டுச் சிரித்தாள். எல்லாப் பல்லும் ஒரே சீராக ஒளிர்ந்தது. நான் செய்த பல் எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

போட்டோவுக்காக மேடை ஏறினேன். அந்த விளக்கு என் முகத்தில் விழுந்ததும் கை தானாக வாய்க்குப் போனது. என் கறுப்புப் பல் ஞாபகம் வந்துவிட்டது. அனிதா பார்த்துவிட்டாள்.

"கைய எடுக்கா. பல்லைக் காட்டு."

"வேணாம்மா, ஓட்டையா தெரியும்."

"தெரிஞ்சா தெரியட்டும்" என்று சொல்லி, என் கையைப் பிடித்து இறக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தப் போட்டோ இப்போது லேப் சுவரில் இருக்கிறது. மணப்பெண் வாய் நிறைய ஒளி, என் வாய் நடுவில் ஒரு பொக்கை, இரண்டு பேரும் சிரிக்கிறோம். அதற்குக் கீழே லோகு கொடுத்துவிட்டுப் போன விளக்கு தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பல்லை ஜன்னலில் வைத்துப் பாருங்கள், டியூப் லைட்டில் பாருங்கள், அப்புறம் ஜன்னலைச் சாத்திவிட்டும் பாருங்கள். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நாம் நினைக்கலாம். பல்லைப் போட்டுக்கொண்டவர் அங்கேயும் சிரிக்க வேண்டும்.