முந்தைய மெக்கானிக்

என் கணவரின் தம்பிக்கு ஊர் வைத்த பெயர் மில்லிவோல்ட். கார்களுக்கு மின்வேலை பார்ப்பவர், வயது ஐம்பத்தெட்டு. மணி கேட்டால் "பத்து இருபத்தி மூணு" என்பார். பத்தரை என்று சொல்ல வாய் வராது. கல்யாணமான புதிதில் என் ஓரகத்தி காய்ச்சலில் படுத்தபோது, நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் தெர்மாமீட்டர் தேடி மூன்று கடை ஏறி இறங்கியவர். "அவர் திரும்பி வர்றதுக்குள்ள காய்ச்சலே விட்டுப்போச்சுக்கா" என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பட்டறையில் நீளமான நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். கோளாறு ஒரு பக்கம், காரணம் எதிர்ப்பக்கம். முப்பது வருட நோட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். காரணப் பக்கத்தில் எலி உண்டு, மழைத்தண்ணீர் உண்டு. மிச்சமெல்லாம் 'முந்தைய மெக்கானிக்'.

நான் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள். அந்த மாதம் எனக்கு வாய்த்தவர், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர வேண்டும். இந்த அறுவை முடிந்தவர்கள் முழங்காலைவிடத் தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் புது மூட்டு கழன்றுகொள்ளலாம். அவர் மருமகனின் உயரமான கார் ஒன்றுதான் தோதானது. அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள். அந்தக் காருக்கும் நோய் வந்தது: வாசலில் நிறுத்திய அரை மணியில் முன்பக்க இடது மூலை இறங்கிவிடும். டேப் வைத்து அளந்தேன். இருக்கை நான்கு விரல் தாழ்ந்திருந்தது.

"பேசாம ஆம்புலன்ஸ்ல வந்துடுங்க சார்," என்றேன்.

"அதுல வந்தா நான் போயிட்டேன்னு தெருவே நினைச்சுக்கும். உயிரோட இருக்கேன்னு ஒவ்வொருத்தனுக்கா நிரூபிக்கணும்."

கார் செவ்வாய்க்கிழமை பட்டறைக்குப் போனது. மில்லிவோல்ட் காற்றுப் பைகளில் சோப்பு நுரை தடவினார். ஒரு குமிழி இல்லை. காற்றடிக்கும் பம்பு, ரிலே, ஃபியூஸ் எல்லாம் ஒழுங்கு. காரின் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் பதிவாகவில்லை. இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தார். அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் மண்டியிட்டது.

"கார்ல ஒண்ணுமில்ல அண்ணி. வாத்தியார் வீட்டுத் தரைதான் சரியில்ல," என்றார், வெள்ளிக்கிழமை காலை போனில்.

"தரை நாப்பது வருஷமா அங்கதான் கிடக்கு தம்பி. கெளம்பி வாங்க. இல்லேன்னா நாளைக்கு அந்த மனுஷனை நீங்கதான் முதுகுல தூக்கிட்டு வரணும்."

வந்தார். வளைந்து நின்ற சக்கரத்துக்குப் பின்னால் கையை நுழைத்து, காரின் உயரத்தைச் சொல்லும் சென்சாரில் வோல்ட் மீட்டரை மாட்டினார். என்னை உள்ளே உட்காரவைத்து மீட்டரைக் கையில் கொடுத்தார்.

"எவ்வளவு அண்ணி?"

"ரெண்டரை."

"ரெண்டரைன்னு ஒரு நம்பரா?"

"ரெண்டு புள்ளி நாலு எட்டு. போதுமா?"

அவர் முகம் மாறியது. "அது நேரா நிக்கிற காருக்கு வர்ற நம்பராச்சே."

தரையைப் பார்த்து விழுந்து கிடந்துகொண்டு, எனக்கு ஒன்றுமில்லை என்கிறது கார். இப்படிப்பட்ட நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "திரும்பிப் படுத்தா வலிக்குதான்னு நாங்க முதல்ல கேப்போம். உங்க பட்டறையில சக்கரம் இப்படியா வளைஞ்சு நின்னுது?"

அவர் பட்டறையில் எல்லாக் காரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக நிற்கும். இங்கே வாசலில் பெரிய பூந்தொட்டி. மருமகன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத்தான் நிறுத்துவார்.

மில்லிவோல்ட் கையை வெளியே எடுத்துக்கொண்டு, "இன்ஜினைப் போட்டு, ஸ்டியரிங்கை நேராக்குங்க," என்றார். ஆக்கினேன். எண் ரெண்டு புள்ளி சைபர் அஞ்சுக்கு இறங்கியது. பம்பு முனகியது. மூலை மெல்ல எழுந்து நின்றது.

டார்ச்சுடன் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"ஒயரை ரொம்ப இழுத்துக் கட்டியிருக்கான். சக்கரம் திரும்பும்போதெல்லாம் இழுபட்டு உள்ள பாதி அறுந்திருக்கு. இழுபட்டா சென்சார் உசரத்தைக் கூட்டிச் சொல்லுது, கம்ப்யூட்டர் அதை நம்பிக் காத்தை இறக்கிடுது. முழுசா அறுந்திருந்தா கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"கட்டினவன் யாரு?"

அவர் டார்ச்சைத் துடைக்க ஆரம்பித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் கட்டு; வால் மிச்சமில்லாமல், தொட்டால் உறுத்தாமல் நறுக்கியிருந்தது. எங்கள் வீட்டு டிவி ஒயர்களைக் கட்டியதும் அதே கை.

"மூணு மாசம் முன்னாடி பிரேக் ஒயர் மாத்தினதா மருமகன் சொன்னாரே, அப்ப இந்தக் கார் யார் பட்டறைக்குப் போச்சு தம்பி?"

"குடிக்கத் தண்ணி இருக்கா அண்ணி?"

தண்ணீர் கொடுத்தேன். ஒயரை மாற்றிவிட்டு மறுபடி இறுக்கிக் கட்டப் போனார். "நாங்க கட்டுப் போட்டா ஒரு விரல் நுழையணும்," என்றேன். சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்துக் கட்டினார்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு மணி நேரம் காரை நிறுத்திவைத்தார். இருக்கை ஐம்பத்தொரு சென்டிமீட்டர். வாத்தியாரின் முழங்கால் நாற்பத்தாறு. தேறியது.

வாத்தியார் வாக்கரைப் பிடித்தபடி, "என்னதான் கோளாறு?" என்றார். மில்லிவோல்ட் நோட்டை நீட்டினார். காரணப் பக்கத்தில் வழக்கமான இரண்டு சொற்கள்.

"யாரு அந்த மடையன்?"

மில்லிவோல்ட் என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார்."

வாத்தியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எவ்வளவு தப்பு?"

"ஒயர் பதினெட்டு மில்லிமீட்டர் குறைச்சல் சார்."

"பேச்சை அப்புறம் வச்சுக்குங்க," என்றேன். "முதல்ல பின்பக்கம், அப்புறம் கால்."

உட்கார்ந்தார். கார் அசையவில்லை.

சாயங்காலம் ஓரகத்தி போன் செய்தாள். "என்னக்கா, தப்பு என்னுதுன்னு வந்து சொல்றார். காய்ச்சல் ஏதாவதா?"

"நெத்தியைத் தொட்டுப் பாரு. தெர்மாமீட்டர் தேடிட்டு நிக்காதே."