ஆறு மணி சிகாமணி

என் வீட்டுக்காரர் தேவசிகாமணியைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதில் ஒன்றாவது சரியாக இருந்திருந்தால் நான் ஏன் இதை எழுத உட்காரப் போகிறேன்?

அவருக்குச் சொந்த ஊர் மலைமேல் இருக்கும் வெள்ளக்கடை. அப்பா காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். எங்கள் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னைக்குப் போன முதல் சில பேரில் இவரும் ஒருவர். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வேலை. இவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் மேனேஜராகி, அதற்கும் மேலே போய்விட்டார்கள். இவர் மட்டும் மாலை ஆறு ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஆபீசில் 'ஆறு மணி சிகாமணி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதை என்னிடம் சிரித்துக்கொண்டே வந்து சொன்ன மனுஷனை என்ன செய்வது?

அமெரிக்காவுக்குப் போகச் சொன்னார்கள். மகள் ஈவ்லின் அப்போது கைக்குழந்தை, வேண்டாம் என்றார். மேனேஜர் ஆக்குகிறோம் என்றார்கள். அதுவும் வேண்டாம். நடுவில் ஒரே ஒரு வருடம் டீம் லீடாக இருந்து பார்த்தார். அந்த வருடம் பூராவும் நானும் குழந்தையும் இரண்டு பேராகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். சரி, அதை விடுங்கள்.

கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. வீட்டிலிருந்தபடியே வேலை. எனக்கும் இங்கே ஒரு பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது. காலையில் காபிச் செடிகளுக்குள் ஒரு சுற்று, மத்தியானம் தன் கையால் ஒரு ரசம், சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து மகளை பைக்கில் கூட்டி வருவது. இதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டாம். எனக்கு வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்தில் "சிகாமணி இப்ப என்ன போஸ்டிங்?" என்று கேட்டால் சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். அது பேராசை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் வெங்கடேஷ் கூப்பிட்டார். ஒரு காலத்தில் இவரிடம் வேலை பழகிய பையன், இப்போது இவருக்கே பெரிய அதிகாரி. ஹைதராபாத்தில் ஒரு பிரிவுக்கே தலைமை தருகிறோம், இனிமேல் இப்படி ஒரு வாய்ப்பு வராது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றாராம். ஈவ்லின் பன்னிரண்டாம் வகுப்பு. குடும்பத்தோடு கிளம்ப வழியில்லை. அவர் மட்டும் அங்கே இருந்துகொண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போகலாம்.

"நீ என்ன சொல்ற, அமலி?" என்று கேட்டார்.

"உங்க வேலைங்க. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன். அதன்பிறகு அந்த வாரம் முழுக்க நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எவ்வளவு பொறுமை பாருங்கள். வேறொருத்தியாக இருந்தால் பெட்டியையே கட்டி வாசலில் வைத்திருப்பாள்.

அந்த வாரம் பார்த்து மழையில் சில்வர் ஓக் மரத்தின் கிளை முறிந்து, வீட்டுக்கு வரும் இன்டர்நெட் கேபிள் அறுந்துபோனது. எங்கள் பக்கத்தில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் ஒன்றுதான். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டம். அதிலும் என் மாமனார் கல்லறையை ஒட்டிய சுவர். இவர் தினமும் அங்கே போய் உட்கார்ந்து, காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு, வெங்கடேஷிடமும் மற்ற அதிகாரிகளிடமும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். இயர்போன் சுண்டைக்காய் அளவுதான். ரோட்டில் போகிறவர்களுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

ஊர் சும்மா இருக்குமா? சிகாமணிக்கு வேலை போய்விட்டது, செத்துப்போன அப்பாவிடம் போய் அழுகிறார் என்று முடிவு கட்டிவிட்டது. ஐடி கம்பெனிகளில் ஆட்குறைப்பு என்று பேப்பரில் வேறு தினமும் வருகிறதே. ஆனால் ஒரு ஜீவனும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் 'உச்' கொட்டினார்கள். மளிகைக்கடை பழனிசாமி அண்ணன், "தைரியமா இருங்க டீச்சர், எல்லாஞ் செரியாப் போயிருமுங்க" என்றார். பருப்பு வாங்க வந்தவளுக்கு எதற்குத் தைரியம் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வியாழக்கிழமை எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். கடைசியில் ஒவ்வொருவராக ஒரு மன்றாட்டைச் சொல்ல, மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சேர்ந்து முடிப்போம். கூட்டத்தை நடத்தும் தேவகுமாரி அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"வேலையை இழந்து, தகப்பன் கல்லறையில கண்ணீர் விடுற எங்க தம்பி சிகாமணிக்கு, மறுபடியும் ஒரு பெரிய உத்தியோகத்தைத் தாரும் ஆண்டவரே!"

எல்லாரும் உருகிப்போய் "கேட்டருளும்" என்றார்கள். அடுத்தவர் ஒருபடி மேலே போய் வெளிநாட்டு வேலையாகவே கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவர் வகுப்பில் சந்தேகம் கேட்கும் பையனைப் போலக் கையைத் தூக்கினார்.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. வேலையெல்லாம் போகலீங்க. பெரிய வேலைதான் வந்துச்சு, ஹைதராபாத்துல. ஊட்டுல எல்லாரும் ஒண்ணா இருக்கோணும்னு, வேண்டாம்னு இன்னைக்குத்தான் சொன்னேனுங்க."

  அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்ட விஷயம் எனக்கே அந்த நிமிஷம்தான் தெரியும். கட்டிய மனைவியிடம் சொல்ல வேண்டியதை, ஜெபமாலைக்கும் சுண்டலுக்கும் நடுவில் ஊரைக் கூட்டிவைத்துச் சொல்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தேவகுமாரி அக்கா லேசுப்பட்டவர் இல்லை. சுதாரித்துக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடினார். "தேடி வந்த வாழ்வை வேண்டாம்னு சொல்லிப்போட்ட எங்க தம்பிக்கு நல்ல புத்தியைத் தாரும் ஆண்டவரே!"

எல்லாரையும்விடச் சத்தமாகக் "கேட்டருளும்" என்றவள் நான்தான்.

அதோடு முடிந்ததா? மறுநாள் காலை பள்ளிக்குப் போகிற பஸ்ஸில், என்னோடு வேலை பார்க்கும் ஜெயகுமாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க அமலி, அவரைப் போக உட்டிருக்கலாமில்லீங்க? ஆம்பளைங்களை இப்படிப் புடிச்சு வெச்சுக்கக் கூடாதுங்க. நொம்பப் பாவம் அவரு."

ஒரே ராத்திரியில் ஊர் கதையை மாற்றிவிட்டது. நேற்றுவரை வேலை போனவர், இன்றைக்குப் பெண்டாட்டி போக விடாதவர். அந்த வேலைக்கு ஆசைப்பட்டவள் நான், கெட்ட பெயரும் எனக்கே. அன்றைக்குப் பாடம் நடத்திய லட்சணம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவர் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நான் உங்களைப் போக உடலைன்னு ஊரே பேசுதுங்க. போக வேண்டாம்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"சொல்லலை."

"அப்பறம்?"

"போங்கன்னும் சொல்லலையே, அமலி. வாரம் பூரா உன்ற மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன். நான் பேச்செடுத்தாப் போதும், நீ ரசத்துல உப்பில்லைன்னு ஆரம்பிச்சிருவ. ஒருக்கா போயிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. முடிவை அவரே எடுத்துவிட்டு என் தலையில் கட்டுகிறாரே என்று கத்த நினைத்தேன். அவர் அதற்குள் இயர்போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலை. வெங்கடேஷ் உட மாட்டேங்கறான், கடைசியா ஒருக்காப் பேசலாம்னு கூப்புட்டிருக்கறான். இன்னைக்கு மாத்திச் சொன்னாலும் ஒத்துக்குவாங்க. இப்பச் சொல்லு. போறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாசற்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கும் சேர்த்துக் காபி போடட்டுமா என்று உள்ளேயிருந்து ஈவ்லின் கேட்டாள்.

"மழை வர்ற மாதிரி இருக்குது" என்றேன். "குடையை எடுத்துட்டுப் போங்க. காபி ஆறறதுக்குள்ள வந்துருங்க."