தாடி எடுக்க ஒரு வெற்றி

சிட்னியிலிருந்து வேலையாக மெல்பர்ன் புறநகரான ட்ருகனினாவுக்கு வந்த இடத்தில், கிடங்கில் வேலை செய்யும் ஜூட் அண்ணாவின் தாடியைப் பார்த்ததும்தான் இந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்கு வரத் தோன்றியது. தன் மெல்பர்ன் அணி ஒரு ஆட்டமாவது வெல்லும்வரை மழிப்பதில்லை என்று, மன்னார்க்காரரான அவர் போன சீசனில் அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறார். தாடி இப்போது சட்டையின் இரண்டாம் பொத்தானில் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அவருக்குக் கல்யாணம். அதற்கு முன் இதுதான் கடைசி ஆட்டம்.

"தாடியோட நிண்டால் கோயில் வாசலிலயே திரும்பிப் போவன் எண்டு பொம்பிளை சொல்லிப்போட்டா" என்கிறார்.

ஆறுக்குப் பூஜ்யத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறோம். நிர்வாகம் இதை மறுகட்டமைப்பு என்கிறது. அதாவது, ஆடத் தெரிந்தவர்களை எல்லாம் அனுப்பியாயிற்று. கோல் கீப்பர் மிகுந்த மரியாதையோடு வட்டுக்கு வழிவிடுகிறார்.

"டிஃபென்ஸ் எங்கண்ணா?"

"தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாறவர் அந்தோனியார். அது அவருக்கே அம்பிடேல்லை, தம்பி."

"புதுப் பசங்க தேறுவாங்களா?"

"ஓம், வடிவாத் தேறுவாங்கள். எனக்குப் பேரன் பிறக்கேக்க."

கடைசி நிமிடத்தில் எங்கள் ஆள் ஒருவர் தடுக்கி விழ, அவர் மட்டையில் பட்டு வட்டு கோலுக்குள் போகிறது. ஜூட் அண்ணா தாடியைத் தடவி யோசிக்கிறார்.

"இந்த ரீமுக்கு ஒரு கோலே வெற்றிதானே? நாளைக்குப் பூசை முடிய ஃபாதரிட்டக் கேட்கப் போறன். நீரும் வாரும், சாட்சிக்கு."

ஊர் திரும்புவதை ஒரு நாள் தள்ளிப்போடுகிறேன். ஃபாதரிடம் அந்த கோலை விலாவாரியாக வர்ணிக்கப் போகிறேன், தடுக்கி விழுந்ததை மட்டும் விட்டுவிட்டு.