விசிலுக்கு முன்னர் நின்றவன்

என் மகன் நின்றதை நான்தான் படம் பிடித்தேன். வேறு யாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அரங்கம் முழுவதும் பந்தைப் பார்த்தது.

மே மாதக் கடைசி. மொன்றியலில் வெயில் வந்துவிட்டிருந்தது, குளிருக்கு மட்டும் போக மனமில்லை. மனைவி இருக்கையில் போர்வையோடு இருந்தாள். நான் எங்கும் இருப்புக்கொள்ளாதவன். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை, எழுதும்போதுகூட அறைக்குள் நடந்தபடி எழுதுகிறவன். அன்றும் படிக்கட்டில் நின்றுகொண்டுதான் பார்த்தேன், கையில் போன்.

அமெரிக்கன் ஃபுட்பால் எனக்குப் பிடிபடாத விளையாட்டு. அதன் கனடா வடிவத்தை எங்கள் நகரத்து அணி ஆடுகிறது. முட்டைப் பந்து, முகத்துக்குக் கம்பிக்கூண்டு, சில செக்கன் மோதல், பிறகு கூடிக் குசுகுசுப்பு. நகரத்தின் லாசால் பகுதியில் வளர்ந்த என் பிள்ளைக்கு அதுவே மூச்சு. பள்ளியில் ஆடி, பல்கலைக்கழகத்தில் ஆடி, அந்த வசந்தத்தில் தொழில்முறை அணியின் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டிருந்தான். முகாம் முடியும்போது பலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தங்கிவிட அவனுக்கு இருந்தது ஒரே வழி. எங்கள் அணி பந்தை உதைத்துக் கொடுத்ததும் எதிரணிக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான். அவனை மறிக்க ஒரு வரிசை முழுவேகத்தில் ஓடும். அந்த வரிசையில் இடம் பிடிக்க வேண்டும்; அன்றைய முன்னோட்ட ஆட்டம்தான் அதற்குச் சோதனை. அதில் ஒவ்வொருவனுக்கும் ஒரு லேன், அவன் ஓடிக் காக்க வேண்டிய தடம். விலகக் கூடாது, ஆட்டத்தை நிறுத்தும் விசில் அடிக்கும்வரை நிற்கவும் கூடாது. ஒருவன் நின்றால் அங்கே கதவு திறந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

பந்து உயர்ந்தது. ஓடினார்கள். பக்கத்து லேனில் ஓடியவன் முகாமில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன். அவனை யாரோ பக்கவாட்டில் இடிக்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். என் மகன் நின்றான். திரும்பி வந்து குனிந்து, விழுந்தவனின் தோளில் கை வைத்தான். மகன் விட்டுப்போன வெளியால் பந்துக்காரன் புகுந்து கடைசிக் கோடு வரை போனான். சனம் தலையில் கை வைத்தது. விழுந்த பிள்ளைக்காக என்று நினைத்தேன்.

விழுந்தவன் தானே எழுந்து நொண்டிப் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஆட வந்துவிட்டான்.

ஆட்டம் முடிந்து வாசலில் மகனைக் கட்டிப்பிடித்து, "நீ நிண்டதுதான் பெரிசு" என்றேன்.

"அப்பா, விசில் அடிக்கேல்லை" என்றான். களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை நான் பிடித்த அந்தப் படத்துண்டை எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கும்பிட்ட கைகள் வந்து குவிந்தன. அது அங்கிருந்து எங்கெங்கோ போனது. யாரோ வயலின் இசையும் சேர்த்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, வந்து கூட்டிப் போகும்படி மகன் செய்தி அனுப்பினான். பையோடு நின்றான். வீதி வேலைக்கு வைத்த ஒரேஞ்சுக் கோன்களுக்கு நடுவே கார் ஊர்ந்தபோது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். காலையில் அணி முழுவதையும் இருட்டறையில் இருத்தி ஆட்டத்தைத் திரையில் ஓட்டினார்களாம். பயிற்சியாளர் சத்தம் போடவில்லை. படத்தை நிறுத்தி, ஆளில்லாத அந்தப் புல்வெளியைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். என் மகன் எழுந்து, என்னுடையது என்றான். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, எதற்கு நின்றாய் என்று கேட்டவன் அந்த அறைத்தோழன்தான். பிறகு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள், இனி வரவேண்டாம் என்று சொல்லிக் கைகொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவனுடைய லொக்கரில் பெயர் ஒட்டியிருந்த பட்டி இல்லை.

போய்க் கதைக்கிறேன், விழுந்தவனைத் தாண்டிப் போகிறவன் மனிசனா என்று அந்தப் பயிற்சியாளரிடம் கேட்கிறேன் என்றேன்.

"இது பேரன்ட்ஸ் மீட்டிங் இல்லை அப்பா." சிரித்தது போலிருந்தது, சிரிக்கவில்லை. பிறகு சொன்னான்: "அவனைப் பாக்க டொக்டர் இருக்கிறார். என்ர லேனைப் பாக்க என்னை விட்டா ஆர் இருந்தது?"

வீட்டுக்கு வந்தும் மகன் அறைக்குள்ளேயே கிடந்தான். போன் மட்டும் அவனை விடவில்லை. பாராட்டு, பாராட்டு, பாராட்டு. ஒரு பின்னேரம் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வந்து நின்றான். அணியில் இருக்கும் ஒருவனே வயலின் சேர்த்த அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பியிருக்கிறானாம்.

"எல்லாரையும் அழிக்கச் சொல்லுங்கோ. நான் பிழையை ஒத்துக்கொண்டிட்டு வந்தனான். இதைப் பாத்தா, அந்தப் பிழைக்குக் கைதட்டு வாங்கிற மாதிரிக் கிடக்கு."

நான் போட்டதை அழித்தேன். மற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. பிள்ளை வெட்கப்படுகிறான் என்றார்கள். என்ன அடக்கம் என்று எழுதி இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். நான் அணைக்க அணைக்க அது பிடித்து எரிந்தது.

கடைசியாக ஸ்காபரோவில் இருக்கும் என் அண்ணை. கோயில் குழுவில் போட்டவர் அவர்தான்.

"இதயமில்லாத ஆக்கள் தம்பி," என்றார். "பிள்ளையை நிப்பாட்டினது அவங்கட நட்டம். அவன் எங்கட வளர்ப்பு."

ஓம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் படத்தை நான் எத்தனையோ தரம் பார்த்தவன். ஓடும் கால்களுக்கு நடுவில் குனிந்த அந்த ஒற்றை முதுகை விட வடிவான வரி எதையும் நான் எழுதியதில்லை. ஆனால் மகனின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது.

"இல்லை அண்ணை. அவன் நிண்டது பிழை. தன்ர இடத்தில அவன் இருப்பான் எண்டு நம்பித்தான் மற்றவை ஓடினவை. பிழை அவன்ரதான்."

"நீயெல்லாம் ஒரு தகப்பனோடா" என்றுவிட்டு அண்ணை போனை வைத்துவிட்டார்.

மகன் வெளியே வந்தான். மேசையில் எனக்கு எதிரே இருந்தான். சவரம் செய்யாத முகம், ஆனால் கண் சின்ன வயதுக் கண்.

"உண்மையாத்தான் சொன்னனீங்களோ, இல்லாட்டி எனக்காகவோ?"

"உண்மையாத்தான்" என்றேன்.

நம்பிவிட்டான். பிறகுதான், முகாமிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக, மேசையில் தலையைச் சாய்த்து அழத் தொடங்கினான்.