அக்கா பார்க்கப் போட்ட ஓட்டு

கண்ணாடிக் கடைக்காரி வாயைத் திறந்தால் மூட மாட்டாள். அன்று மதியம் மட்டும் பேச்சுமூச்சில்லாமல் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே அக்கா, மேசைமேல் கணினி. ஓட்டுப்பதிவு முடியக் கொஞ்ச நேரமே இருந்தது.

ஓட்டு நடந்தது ஒரு பிளாக்செயினில்; பலருடைய கணினிகளில் ஒன்றுபோலப் பதிவாகும், யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத பணக் கணக்கேடு அது. முதலாளி கிடையாது, அதன் நாணயமான டோக்கனை வைத்திருப்பவர்கள்தான் ஓட்டுப் போட்டு விதிகளை மாற்றுவார்கள். நம்மில் எத்தனை பேர் எதையும் கடைசி வரி வரை படிக்கிறோம்? இவள் படிப்பாள். படித்து, நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுதவும் செய்வாள். அதனால் முகம் தெரியாத பலர் தங்கள் ஓட்டுகளை இவள் கையில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். மாட்டிக்கொண்டவள் இவள்.

போன வாரம் ஒரு திருடன் மென்பொருளில் இருந்த பிழை வழியாகப் பொது இருப்பை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அக்காவின் சேமிப்பும் அதோடு போயிற்று. தங்கை சொன்னாளே என்று போட்ட பணம். பிளாக்செயினைத் திருட்டுக்கு முந்தைய நிலைக்கே திருப்பிவிடலாமா என்பதுதான் இப்போது ஓட்டு. திருப்பினால் அக்காவின் பணம் வந்துவிடும். ஆனால் அதற்குப் பின் நடந்த நேர்மையான கொடுக்கல் வாங்கலும் அழிந்துபோகும். திருட்டுக்கு மறுநாள் கைக்காசு கொடுத்து டோக்கன் வாங்கிய பஸ் டிரைவர் ஒருவர், "என் ஓட்டும் உங்ககிட்டதான் இருக்கு, பார்த்துக்குங்கம்மா" என்று காலையில் எழுதியிருந்தார்.

"இன்னும் என்னடி யோசனை?" என்றாள் அக்கா.

"ஒரு தடவை பதிவானதை அழிக்கக் கூடாதுன்னு நானே எழுதியிருக்கேன்க்கா. அதை நம்பித்தான் ஓட்டைக் கொடுத்தாங்க."

"அவங்க உனக்கு யாருடி? இந்தக் கடைக்கு ஜாமீன் நின்னது யாரு?"

அக்கா கேட்டதில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை. ஓட்டைப் பாதி இங்கே, பாதி அங்கே என்று போட வழியில்லை. அதுவரை விழுந்த ஓட்டில் அக்கா பக்கம்தான் முன்னால்; இவள் சும்மா இருந்தாலே போதும், அது ஜெயித்துவிடும். கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தாள்.

பிறகு லென்ஸை ஃபிரேமில் பொருத்தி, துடைத்து, அக்காவிடம் நீட்டினாள். திரும்பிப் பட்டனை அழுத்தினாள்.

அங்கே ரகசிய ஓட்டு கிடையாது. யார் எந்தப் பக்கம் என்று உலகமே பார்க்கலாம். அக்கா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தாள். தங்கையின் பெயருக்கு நேரே 'எதிர்ப்பு' என்றிருந்தது. நேரம் முடிந்தது. திருப்பும் யோசனை தோற்றது.

அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. கைப்பையைத் திறந்தாள்.

"கண்ணாடி என்ன விலை?"

"அக்கா, என்னக்கா இது..."

"கடைதானே இது? விலையைச் சொல்லுங்க."

சொன்னாள். குறைத்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.