கேட்ட கேள்விக்கு மட்டும்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்றே முக்கால் மணி. நிமிஷம்கூட நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. ஞாயிறு நான்கு மணி எங்கள் வீட்டில் நகம் வெட்டும் நேரம். வெட்டுகிறவர் அப்பா. வாரம் முழுக்க பெரியகுளம் கோர்ட்டுக்கும் போடிக்குமாக பஸ்ஸில் அலைந்துவிட்டு, கிடைத்த ஒரு விடுமுறையில் எனக்கும் தங்கைக்கும் கைகால் நகங்களைத் தானே உட்கார்ந்து வெட்டுவார். அம்மா வெட்டினால் சதையோடு வெட்டுகிறாள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அது நிரூபிக்கப்படவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு எட்டு வயது, தங்கைக்கு ஐந்து. அன்று மதியம் முன்னறையில் அப்பா ஒரு சாட்சியைத் தயார் செய்துகொண்டிருந்தார். மலையில் இரண்டு ஏலத்தோட்டங்களுக்கு நடுவே எல்லைத் தகராறு; மறுநாள் விசாரணை. சாட்சி, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் ஒரு கங்காணி. எங்களுக்கு சினிமாவுக்குப் பதில் அந்த அறையின் ஜன்னல்தான்.

"உம்ம பேரு என்ன?"

"கங்காணி வேல பாக்குறேங்கய்யா. மலை மெட்டுக்கு மேல, எங்க மாமனார் காலத்துல இருந்தே…"

"பேர மட்டும் சொல்லுய்யா. மாமனார ஏன் கூண்டுல ஏத்துற? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கேக்காததச் சொன்னா கெட்டுச்சு காரியம்."

"அப்ப மாமனாரு வேணாங்களா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தங்கைக்கு அலுத்துவிட்டது. கங்காணியை இறக்கிவிட்டுப் போன தோட்டத்து ஜீப்பு, சந்தைக்கு இறங்கி வந்திருந்த பெண்களையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்புமுன் மறுபடி எங்கள் வாசலில் வந்து நின்றது. அந்த டிரைவர் எங்களைத் தெருமுக்கு வரை ஏற்றிப்போய் இறக்கிவிடுவது வழக்கம். அம்மாவுக்குத் தெரிந்து, இனி ஜீப்பில் கால் வைத்தால் அந்தக் காலில் சூடு என்று சொல்லியிருந்தாள்.

தங்கை கையை நீட்டினாள். நான்தான் அவளைத் தூக்கி மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்தேன். முக்கில் இறக்கிவிடச் சொல்லி, பின்னால் இருந்த ஒரு அம்மாளிடம் சொன்னேன். நான் ஏறவில்லை. ஜன்னலில் மாமனார் விவகாரம் பாக்கி இருந்தது. அப்போதுதான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றே முக்கால்.

நான்கு மணிக்கு அப்பா கத்தரியோடு வந்து உட்கார்ந்தார். சின்னவளுக்குத்தான் முதலில் வெட்டுவார். சின்னவள் இல்லை.

"தெருவுல வெளையாடுறாளாடி?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"பக்கத்து வீட்டுக்குப் போனாளா?"

"இல்லம்மா."

இரண்டும் உண்மை. முக்கிலிருந்து நடந்து வந்துகொண்டிருப்பாள், வந்துவிட்டால் சூட்டிலிருந்து இருவரும் தப்பிவிடலாம் என்பது என் கணக்கு. நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. தெருவே எங்கள் வீட்டில் நின்றது. கங்காணி ஒரு பக்கம் ஓடினார், எதிர்வீட்டுக்காரர் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். யாரோ கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். அதன்பிறகு எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

வாளி விழுந்தால் எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கொண்டுவந்தார்கள். கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்காமல் அப்பாவே பிடித்துக்கொண்டார். கொக்கி எதிலாவது மாட்டும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒருமுறை, எப்போதோ காணாமல் போன செம்பு வந்தது. அம்மா அந்தச் செம்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவள் கிணற்றில் இல்லை என்று எனக்குத் தெரியும். கிணற்றைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை.

நடுவில் அப்பா கயிற்றைப் பிடித்தபடியே என்னைக் கூப்பிட்டார். கோர்ட்டில் பேசுகிற மாதிரி நிதானமாகத்தான் கேட்டார்.

"யாராச்சும் அவளக் கூப்பிட்டாங்களா, ஆத்தா?"

"இல்லப்பா."

"கொல்லைப் பக்கம் போனாளா?"

"இல்லப்பா."

"அவ நடந்து போனதப் பாத்தியா?"

"இல்லப்பா."

பயம் ஒரு பக்கம் இருந்தாலும், கங்காணியைவிட நான் நல்ல சாட்சி என்ற எண்ணமும் உள்ளே ஒரு ஓரத்தில் இருந்தது. இதை எழுத இப்போது கை கூசுகிறது.

"பெரியவள இன்னும் நல்லாக் கேளுங்க சார்," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"அவளுக்குத் தெரிஞ்சா சொல்லிருப்பா," என்று அப்பா மறுபடி கரண்டியை உள்ளே விட்டார்.

அப்பா எண்பத்தெட்டு வயது வரை இருந்தார். கண் மங்கும் வரை கேஸ் கட்டோடு கட்சிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் இருவரையும் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார், பேரப்பிள்ளைகளுக்கும் நகம் வெட்டினார். ஆனால் அந்த ஞாயிறுக்கு மறுநாளிலிருந்து சாட்சி வந்தால் முன்னறைக் கதவும் ஜன்னலும் சாத்தப்பட்டன. அது எனக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். வெளியே உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன். உள்ளே ஒரு மனிதர் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம் என்று தோன்ற எனக்கு நாற்பது வருஷம் ஆனது. இன்னொரு பழக்கமும் அவருக்கு வந்துவிட்டது. பரீட்சையா, காய்ச்சலா, மாமியார் வீட்டு விஷயமா, எதைக் கேட்டாலும் கடைசியில், "நான் கேக்காதது ஏதாச்சும் இருக்கா, ஆத்தா?" என்பார். வெளியூரிலிருந்து டிரங்க் கால் போட்டாலும் அதைக் கேட்காமல் வைக்கமாட்டார். நானும் தங்கையும் அப்படியே பேசிக்காட்டிச் சிரிப்போம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் கேட்டபோதும், "ஒண்ணுமில்லப்பா, தூங்குங்க" என்றுதான் சொன்னேன்.

போன வாரம் என் கடைசி மகன், சாயங்காலம் வரவேண்டியவன், மறுநாள் காலை காபி நேரத்துக்கு வந்தான். சிநேகிதனோடு மோட்டார் சைக்கிளில் மதுரைக்குப் போயிருக்கிறான். ஏன்டா சொல்லவில்லை என்றேன். "காலேஜுக்குத்தான போறன்னு கேட்ட, ஆமான்னேன். அதுக்கப்புறம் எங்கன்னு நீ கேக்கலையேம்மா," என்றான். அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது.  அந்தக் கையாலேயே அவனுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறன்று விளக்கு வைக்கிற நேரத்தில் ஜீப்பின் சத்தம் கேட்டது. முதலில் இறங்கியது நான் சொல்லி அனுப்பிய அந்த அம்மாள்தான். முந்தானைக்குள் தங்கை, தலையில் மலைக்குளிருக்குச் சுற்றிய துண்டோடு, வெட்டாத நகங்களுள்ள கையில் பச்சை ஏலக்காயை இறுக்கிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். அப்பா கிணற்றடியிலிருந்து ஓடி வந்தார். வேட்டி நனைந்திருந்தது, கயிற்றைக் கையிலிருந்து விட மறந்திருந்தார்.

அந்த அம்மாளுக்கு எங்கள் வாசலில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று புரியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"முக்குல குதிச்சு ஓடிருக்கும்னு இருந்தோம், வக்கீலய்யா. மெட்டுல மூட்டைய எறக்கையில பாத்தா, மலையப் பாக்கணும்னு உள்ள ஒளிஞ்சு கெடக்குது கழுத. வெரசா ஓட்டிக் கொண்டாந்து விட்டுரலாம்னாரு டிரைவரு. நாந்தான், பனி விழுகுது, பைய எறங்குவோம்னேன். பெரிய பாப்பாதான ஏத்திவிட்டுச்சு? அது வீட்ல சொல்லிருக்கும், நீங்க பதற மாட்டீகன்னேன்."